பின் ஸ்பிரிங்கில் இரண்டு அங்குலம்

திருவையாறு,
கிளிநொச்சி.
17.06.2025

அன்புள்ள றவூப் அவர்களுக்கு,

இக்கடிதம் நீளமாக வந்துவிடும் என்று அஞ்சுகிறேன். ஆகவே எழுத இருப்பவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. போன புதன்கிழமை நடந்த விபத்து.
2. அதற்குக் காரணம் என்று நான் கணக்கிட்டது.
3. அதில் உங்கள் பங்கும் என் பங்கும்.
4. மருமகனிடம் நான் ஏன் இன்னும் சொல்லவில்லை.
5. ஒரு வேண்டுகோள்.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் சிக்னல் குறைவு. குரல் தெளிவாக வருவதில்லை.

முதலாவது. பதினோராம் திகதி மனைவி விமலேஸ்வரியை வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். மருமகன் பிரதாபன் ஓட்டினார். நான் முன்னால், அவள் பின்னால். மாங்குளம் தாண்டி, ஒரு கோயில் திருவிழாவுக்காக வீதிக்குக் குறுக்கே இரும்புச் சட்டத்தில் வளைவு கட்டியிருந்தார்கள். முன்னால் வாகனம் இல்லை, மாடு இல்லை. வளைவை நெருங்கும்போது மீற்றர்ப் பலகையில் சிவப்பு எழுத்து மின்னியது. கார் தானாகவே முழுப் பிரேக்கையும் போட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த செந்தூரன் என்ற பிள்ளை எங்கள் மீது மோதினான். வலது தொடை எலும்பு முறிந்து கிளிநொச்சி வைத்தியசாலையில் கிடக்கிறான். இரணைமடு மீன் வீதியெல்லாம் சிதறியது. விமலேஸ்வரிக்குத் தோளில் அடிபட்ட கண்டல் மட்டும்.

கூடிய சனத்திடம் பிரதாபன், "நான் பிரேக்கில கால் வைக்கேல்ல, கார் தானா நிண்டது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பாடசாலை அதிபர் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. "அப்ப அதிபர், காரைத்தானே முழங்காலில விடோணும்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது. காரின் முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால் ராடர் இருப்பதும், கண்ணாடியின் மேல் நடுவில் கமரா இருப்பதும் உங்களுக்குத் தெரியும். கார் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தொழிற்சாலையில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார்களோ, அதை நம்பித்தான் இரண்டும் தூரத்தையும் உயரத்தையும் அளக்கின்றன. முப்பத்தொரு வருடம் வாய்க்கால்களுக்கு மட்டம் பார்த்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே நூற்றிரண்டு அங்குலம். பின்னால் மட்டும் ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இரண்டு அங்குலம் தாழப் பதித்தால், மூக்கு ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாக நிமிரும். ஒரு பாகை என்றால் கேட்க ஒன்றுமில்லை. நூறு மீற்றர் தூரத்தில் அது இரண்டு மீற்றர். வீதியைப் பார்க்க வேண்டிய கருவி வளைவைப் பார்த்தது. தலைக்கு மேலே இருந்த இரும்பை வழியில் நிற்கும் வாகனம் என்று எண்ணியது. என் கணக்குப் பிழையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது. பின்னால் பதிக்கும்படி கேட்டவன் நான். உங்கள் கராஜில் அதைச் செய்தவர் நீங்கள். முன்பக்கத்தைத் தொடவேண்டாம், எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் மேட்டில் அடிபடும் என்று சொன்னவனும் நான்தான். ஆனால் இதனால் இப்படி ஆகும் என்று நீங்கள் ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். குறையாகச் சொல்லவில்லை. வரிசையில் வருவதால் எழுதுகிறேன்.

நான்காவது. மாசியில் விமலேஸ்வரியின் இடுப்பு எலும்புக்குத் தகடு வைத்தார்கள். அந்தக் கார் உயரம். முக்காலி வைத்து ஏற்றினோம், வழுக்கியது. முன்னால் இருந்தால் சுலபம். மருமகனுக்குப் பக்கத்தில் மாமி இருப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஒருநாள் பிரதாபன், "வாங்கோ மாமி" என்று இரண்டு கையாலும் தூக்கி ஏற்றிவிட்டார். நல்ல மனத்தோடுதான் செய்தார். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. "மருமோன் தூக்கி ஏத்திற நிலைக்கு வந்திட்டன். இனி எனக்குக் கிளினிக் வேண்டாம்" என்றாள். இரண்டு தடவை போகவுமில்லை. அவள் தன்பாட்டில் எழும்பி இருக்கக்கூடியது கட்டிலில் மட்டும்தான். கட்டிலின் உயரத்தையும் பின் இருக்கையின் உயரத்தையும் அளந்தேன். வித்தியாசம் இரண்டு அங்குலம்.

பிரதாபன் காரைச் சேவிசுக்கு உங்களிடம் விட்டுவிட்டுப் பத்து நாள் பயிற்சிக்குக் கொழும்பு போன நேரம் பார்த்து, பஸ்ஸில் வந்து உங்களிடம் கேட்டேன். அவர் திரும்பி வந்து, "என்ன மாமா, கார் பின்னுக்குக் குந்தின மாதிரி நிக்குது?" என்றபோது, பழைய ஸ்பிரிங் இளகிவிட்டதாக நீங்கள் கண்டுபிடித்து மாற்றியதாகச் சொன்னேன். அவளிடமும் அதையே சொன்னேன். உண்மை தெரிந்தால் இந்த விபத்தே தன்னால் வந்தது என்று அவள் எண்ணுவாள்.

ஐந்தாவது. நான் சரியான நேரம் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பதிலை வீட்டுக்கு அனுப்பவேண்டாம். "செயலாளர், கமக்காரர் அமைப்பு" என்று முகவரியிடுங்கள். ஊர் விவசாயிகளின் அந்த அமைப்புக்குச் செயலாளர் நான்தான், அதன் கடிதங்களை என்னைத் தவிர ஒருவரும் உடைப்பதில்லை.

இங்ஙனம்,
தவராசா

* * *

நெளுக்குளம்,
வவுனியா.
22.06.2025

மதிப்புக்குரிய தவராசா சேருக்கு,

வாப்பா சொல்லச் சொல்ல நான் றிஸ்னா எழுதுகிறேன். அவருடைய கையில் எப்பவும் கிறீஸ். சொல்லுவதை அப்படியே எழுதச் சொன்னதால் அப்படியே எழுதுகிறேன்.

சேர், உங்கட கடுதாசி வந்த நேரம் நான் ஒரு வேனுக்குக் கீழ கிடந்தன். "றவூப் நானா, பெரிய கடிதம், ஏதும் கோட்டுக் கேசோ தெரியேல்ல" எண்டு தபால்காரர் கத்தினார். எழும்பின வேகத்தில தலை அடிபட்டுது. உடைச்சுப் பாத்தா ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் போட்டிருக்கு. கோட்டுக் கடுதாசியே பறவாயில்லை. மகள் சிரிக்கிறா. இதை எழுதாத பிள்ள. (எழுதிவிட்டேன்.)

பிரதாபன் சேர் வெள்ளிக்கிழமை வந்தவர். நான் ஜும்ஆ முடிஞ்சு வாறன், அவர் வாசல்ல நிக்கிறார். கொழும்பில இருந்து வந்த ஆள் கம்ப்யூட்டரைக் கொழுவிப் பாத்து, ராடர் மேல பாக்குது, ஸ்பிரிங் வெட்டினதால வந்த வினை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறானாம். "ஆரைக் கேட்டு என்ர காரில கை வச்சனீர்?" எண்டார். பதினொரு வருஷம் "நீங்கள்" எண்டு கதைச்ச மனுசன், சேர். நான் சொன்னன், உங்கட மாமாவைக் கேளுங்கோ எண்டு. "மாமா சொன்னவர். பழசு இளகிப்போச்செண்டு நீர்தான் மாத்தினதாம்" எண்டார். வயசான மனுசனைப் பொய்யன் எண்டு மருமகனிட்ட எப்பிடிச் சொல்லுறது?

இப்ப உங்கட மூண்டாம் நம்பர். நான் சொன்னனான் சேர். பின்னால மட்டும் பதிச்சா மூக்கு நிமிரும், ராடரும் கமராவும் பாக்கிற இடம் மாறும், லைட்டும் எதிர்ல வாறவன்ர கண்ணுக்குள்ள அடிக்கும் எண்டு சொன்னன். நாலு பக்கமும் பதிச்சாலும் கொழும்புக்குக் கொண்டுபோய் மெஷினில வச்சு நேர் பாக்கத்தான் வேணும், அதுவரைக்கும் தானா பிரேக் போடுறதை நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்கோ எண்டன். நீங்க தலையாட்டினீங்க. அதுக்குப் பிறகுதான் ஸ்பிரிங்கைக் கழட்டினன்.

(நான் தேத்தண்ணி கொண்டுவந்த நேரம் அது. கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. வாப்பா சொன்னது உண்மை. றிஸ்னா.)

எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். மகள் அண்டைக்கே ஏசினவ. உங்களைப் போல ஆக்களிட்டக் கையெழுத்துக் கேட்டா மரியாதையில்லை எண்டு நான்தான் விட்டது.

செந்தூரன்ர பெண்சாதி கௌசலா மத்தியஸ்த சபைக்கு முறைப்பாடு போட்டிருக்கிறா. ஜூலை பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை கூப்பிட்டிருக்கு. பிரதாபன் சேர் என்னிட்டக் கேக்கிறது ஒண்டுதான். நானா யோசிச்சு, விளைவு சொல்லாம ஸ்பிரிங்கை வெட்டினன் எண்டு கையெழுத்து. அதை வச்சா கராஜ் முடிஞ்சுது சேர். முல்லைத்தீவில இருந்து தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க வாப்பான்ர தோள்ல இருந்து வெளிக்கிட்டனான். புத்தளத்தில வேலை பழகி, திரும்பி வந்து கராஜ் போட்டு, "றவூப் பாத்தாச் சரி" எண்டு இந்தப் பக்கத்துச் சனம் சொல்லுறதுக்குப் பன்னிரண்டு வருஷம் எடுத்துது.

நீங்க ஒரு வசனம் சொன்னாப் போதும். "நான்தான் கேட்டன், அவர் சொல்லித்தான் செய்தவர்." நம்பர் போடத் தேவையில்லை.

றவூப்

* * *

திருவையாறு,
27.06.2025

அன்புள்ள றவூப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். பிரதாபன் உங்களிடம் மரியாதை குறைத்துப் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் குறை என்னுடையது.

மூன்று தடவை சொல்ல முயன்றேன். ஞாயிறு காலை அவர் பத்திரிகை வாசிக்கும்போது பக்கத்தில் போய் இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். நான் "ஒண்டுமில்லை" என்றேன். செவ்வாய் இரவுச் சாப்பாட்டில் சொல்லத் தொடங்கினேன். எதிரே விமலேஸ்வரி தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அவர் தன் மேலதிகாரிக்கு எழுதிய விளக்கக் கடிதத்தைப் பிழை பார்க்கத் தந்தார். "வாகனம் என் கட்டுப்பாடின்றித் தானாக நின்றது என்பதை ஒருவரும் நம்பவில்லை" என்று எழுதியிருந்தார். நம்பாதவர்களுக்கிடையில் நம்பும் ஒருவன் இருக்கிறான், அவன் இந்த வீட்டிலேயே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

செந்தூரனைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போனேன். காலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நிறையப் பேசினான். வார்ட்டில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வரும்போது கௌசலா என் கையைப் பிடித்து ஏதோ சொல்லி அழுதாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று அதற்கும் தலையாட்டினேன். இரண்டு கையாலும் கும்பிட்டாள். என் மனம் மிகவும் சங்கடப்பட்டது.

நீங்கள் எச்சரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். றிஸ்னாவும் அப்படியே எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்வதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒன்று என் நினைவில் இல்லை. தேத்தண்ணி நினைவிருக்கிறது. நீங்கள் முன் சில்லைக் கையால் காட்டியது நினைவிருக்கிறது. இரண்டு அங்குலம் சரிவருமா என்று காட்டுகிறீர்கள் என்றுதான் எண்ணினேன். மட்டப் புத்தகத்தில் என் கண்ணால் பார்க்காத வாசிப்பை ஒருநாளும் எழுதியதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குத் தெரியும் என்று இந்த வயதில் எப்படிச் சொல்வேன்?

நான் பிழைவிடுகிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் பிரதாபனிடம் சொல்லிவிடுவேன்.

தவராசா

* * *

நெளுக்குளம்,
02.07.2025

சேருக்கு,

வாப்பா சொல்லுகிறார், நான் எழுதுகிறேன்.

சேர், உங்கட நினைவில இருக்கோ இல்லையோ எண்ட கதையை ஒரு பக்கம் வையுங்கோ. நல்ல செய்தி ஒண்டு. கௌசலா டெலிபோன் எடுத்தவ. "ஐயா சாட்சி சொல்ல வாறனெண்டு தலையாட்டினவர், எங்கட பிழை இல்லையெண்டு சபையில சொல்லுறனெண்டவர்" எண்டு அழுது அழுது சொல்லுறா. உங்கட பேரைச் சாட்சிக்குக் குடுத்தும் போட்டா.

அல்லாஹ் பெரியவன். எனக்குச் சொல்லாத வாக்கை அந்தப் பிள்ளைக்குக் குடுத்திருக்கிறீங்க. சந்தோசம். ஆருக்குக் குடுத்தா என்ன?

நான் ஒண்டும் கேக்கேல்ல. வாங்கோ. நடந்ததைச் சொல்லுங்கோ. பிரதாபன் சேருக்கும் அதுதான் நல்லது. கார் தானா நிண்டதெண்டு அவர் சொன்னது உண்மையெண்டு ஊருக்குத் தெரியட்டும். எனக்கும் அவரில கோபமில்லை.

மகள் சொல்லுறா, கொழும்புக்காரன்ர அறிக்கையில பாகைக் கணக்கு இருக்காம். உங்கட கணக்குக்கும் அவன்ர கணக்குக்கும் பத்தில ஒரு பங்கு வித்தியாசம்தானாம். நூல் பிடிச்ச மாதிரி. நீங்க எங்கட கராஜில இருந்திருக்கோணும்.

றவூப்

* * *

திருவையாறு,
08.07.2025

அன்புள்ள றவூப் அவர்களுக்கு,

கௌசலாவுக்கு நான் அப்படி வாக்குக் கொடுத்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கும்பிட்டதை நான் கண்டேன். ஆகவே வருவேன்.

பிரதாபனிடம் இன்னும் சொல்லவில்லை. சபையில் சொல்வதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கேள்வி கேட்டால் தடுமாறிவிடுவேன். ஆகவே எழுத்தில் கொடுக்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் இருக்கக்கூடாது என்பதால் படியெடுத்து அனுப்புகிறேன்.

1. மேற்படி காரின் பின் ஸ்பிரிங்குகளை இரண்டு அங்குலம் பதிக்கும்படி கேட்டவன் நானே. உரிமையாளர் பிரதாபனுக்கு அது தெரியாது.
2. ஸ்பிரிங் இளகியதால் மாற்றப்பட்டது என்று அவரிடம் நான் சொன்னது உண்மையல்ல.
3. பின்பக்கத்தைப் பதித்தால் தானாகப் பிரேக் போடும் கருவிகள் பிழையாக இயங்கும் என்று எனக்கு அப்போது சொல்லப்படவில்லை.
4. கார் தானாகவே நின்றது. பின்னால் வந்த செந்தூரன் மீது பிழை இல்லை. நான் முன் இருக்கையில் இருந்து கண்டேன்.

மூன்றாவதை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆபத்து என்று தெரிந்துகொண்டே விமலேஸ்வரியை நான் அதில் ஏற்றினேன் என்று ஆகிவிடும். யதுர்ஷிகா எங்கள் ஒரே பிள்ளை. அவளுடைய புருஷனையும் தெரிந்துகொண்டே அதை ஓட்டவிட்டேன் என்று ஆகிவிடும். அந்த ஒன்றை என்னால் எழுத முடியாது. மற்ற மூன்றும் உங்கள் பக்கம் இருக்கின்றன. முதலாவது ஒன்றே போதும் என்று நம்புகிறேன்.

இது வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். ஏதாவது மாற்ற வேண்டுமானால் சனிக்கிழமை காலை வாசலில் சொல்லுங்கள்.

தவராசா

* * *

நெளுக்குளம்,
14.07.2025

தவராசா சேருக்கு,

இது வாப்பா சொல்லி எழுதியது இல்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் எட்டாம் திகதிக் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. முதலே வந்திருந்தால் உங்கள் மூன்றாம் இலக்கத்தைச் சபையில் முதன்முதலாகக் கேட்டிருக்கமாட்டோம். வாப்பா சனிக்கிழமை புதுச் சேட் போட்டுக்கொண்டு வந்தவர். நீங்கள் வாசலில் எங்களைக் கண்டு சிரித்தீர்கள். "சேர், எல்லாம் சரிதானே?" என்று வாப்பா கேட்டார். தலையாட்டினீர்கள். அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

சபைக்குத் தலைமை வகித்த தவிசாளர் உங்கள் தாளைச் சத்தமாக வாசித்தார். முதலாவதை வாசித்ததும் பிரதாபன் சேர் திரும்பி உங்களைப் பார்த்தார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாப்பா என் கையைப் பிடித்தார். பிறகு மூன்றாவதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கேட்டது வயசான மனுசன், அவருக்கு இந்தத் தொழில் தெரியாது. தொழில் தெரிஞ்ச நீங்கள் ஏன் சொல்லேல்ல றவூப்?" என்றார்.

"சொன்னன் ஐயா" என்றார் வாப்பா.

தவிசாளர் உங்களிடம் கேட்டார். "ஐயா, அவர் சொல்லேல்லத்தானே? நீங்கள் எழுதினது சரிதானே?" நீங்கள் தலையாட்டினீர்கள்.

வாப்பா எழும்பி உங்களைப் பார்த்து, "சேர், கொம்பிரசர் ஓடின நேரம் உங்களுக்குச் சொன்னனே?" என்றார். நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்து அதற்கும் தலையாட்டினீர்கள்.

பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஐயா ரெண்டு பக்கமும் கோல் போடுறார்" என்று ஒருத்தர் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது சேர். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கராஜிலும் கேட்கவில்லை.

வாப்பாவுக்கும் அதே நேரம் விளங்கிவிட்டது. எனக்குத் தெரியும். "சேருக்குக் காது கேக்காது" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவு சனத்துக்கு நடுவில், நீங்கள் வெள்ளை வேட்டியோடு மடியில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தீர்கள். வாப்பா, "எங்க ஐயா கையெழுத்து?" என்றார்.

திரும்பி வரும்போது, "வாப்பா, ஏன்?" என்று கேட்டேன். "அந்த மனுசன் அந்தப் பெண்சாதியை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறவர்" என்றார்.

பிழை தன்னுடையது என்று வாப்பா கையெழுத்திட்ட இணக்கத் தாளை யாரோ படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூட வேன்காரர் மூன்று பேர் காலையில் வந்து தங்கள் வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருடையதில் சில்லுகூடப் பூட்டவில்லை, நின்று பூட்டுவித்துக்கொண்டு போனார். இப்போது கராஜில் வாகனம் ஒன்றுமில்லை. வாப்பா நிலத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்குக் கேட்காது என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லவும் முடியாது, எழுதாமலும் இருக்க முடியாது.

றிஸ்னா

* * *

திருவையாறு,
18.07.2025

அன்புள்ள றவூப் அவர்களுக்கும் றிஸ்னாவுக்கும்,

இக்கடிதத்துக்கு வரிசை போட முயன்றேன். வரவில்லை.

றிஸ்னாவின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கமக்காரர் அமைப்பின் அறையில் தனியே இருந்து வாசித்தேன். வீட்டுக்கு வந்து யதுர்ஷிகாவைக் கூப்பிட்டு, "எனக்குப் பின்னால நிண்டு ஏதாவது சொல்லு பிள்ள" என்றேன். சுவரைப் பார்த்தபடி நின்றேன். நேரம் போனது. இன்னும் தொடங்கவில்லையாக்கும் என்று திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஐந்து தடவை கூப்பிட்டாளாம்.

வலது காது போய் நான்கு வருடம் இருக்கும். இடது காதில் ஆட்களின் வாயைப் பார்த்தால் பாதி விளங்கும். கொம்பிரசர், மின்விசிறி, பஸ் இவற்றுக்கு நடுவில் ஒன்றும் விளங்காது. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கம். தலையாட்டினால் ஆட்கள் மகிழ்கிறார்கள், கதை முடிகிறது. வீட்டில் என்னை அமைதியான மனிதன் என்று எண்ணியிருந்தார்கள். தெரிந்தால் விமலேஸ்வரியோடு கிளினிக்குக்கு என்னை விடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் என் பயம்.

அது நடந்துவிட்டது. யதுர்ஷிகா மருந்துப் பையைக் கொட்டி, ஒவ்வொரு அட்டையாக எடுத்து, என் முகத்துக்கு நேரே வாயை அசைத்துக் கேட்டாள். "இது சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ? டொக்டர் என்ன சொன்னவர்?" மூன்று அட்டைகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து மாதமாக நான்தான் கொடுத்துவருகிறேன். கிளினிக் கொப்பியை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

விமலேஸ்வரிக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். அதை அவள் வாயிலிருந்து படித்தேன். "அந்தப் பிள்ளையின்ர கால் எனக்காகவோ உடைஞ்சது?" இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

பிரதாபன் பேசவில்லை. சபை முடிந்த நாளிலிருந்தே பேசவில்லை. இன்று காலை ஒரு தாளில் எழுதி என் கதிரையில் வைத்திருந்தார். "மாமா, அண்டைக்கு றோட்டில எல்லாரும் என்னைப் பொய்யன் எண்டு சிரிக்கேக்க நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்." கீழே கையெழுத்து இல்லை.

அதற்குப் பிறகு தவிசாளரின் வீட்டுக்குப் போனேன். எனக்குக் காது கேட்காது, நீங்கள் சொல்வதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். இதை நான் ஒருவரிடம் கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நல்ல மனிதர். இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். றவூப், நீங்கள் விரும்பிக் கையெழுத்திட்டதால் அந்த இணக்கத்தைத் தன்னால் மாற்ற முடியாது என்று எழுதினார். நான் கொடுத்த தாளும் சபையின் ஆவணக் கோவையில்தான் இருக்கும் என்று எழுதினார். அதைத் திரும்பத் தருவீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

வேன்காரர் மூவரின் பெயரையும் றிஸ்னா எனக்கு அனுப்பினால் அவர்களிடம் நேரில் போவேன். என் பேச்சை அவர்கள் நம்புவார்களோ தெரியாது. ஊரில் என்னைப் பற்றி இப்போது "ரெண்டு பக்கமும் தலையாட்டுற ஐயா" என்றுதான் சொல்கிறார்களாம். யதுர்ஷிகா எழுதிக் காட்டினாள்.

கீழே உள்ளதைத் தனித் தாளிலும் எழுதி, கையெழுத்திட்டு, கிராம அலுவலரின் முன்னிலையில் திகதியிட்டு இத்துடன் வைக்கிறேன். கராஜில் ஒட்டுங்கள், அல்லது கிழித்துவிடுங்கள். வேறு எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியஸ்த சபைக்கு 12.07.2025 அன்று நான் கொடுத்த வாக்குமூலத்தின் மூன்றாவது குறிப்பில், ஆபத்தைப் பற்றி எனக்குச் சொல்லப்படவில்லை என்று எழுதியிருந்தேன். அது பிழை. றவூப் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டவன் போலத் தலையாட்டினேன். நான் தலையாட்டிய பிறகுதான் அவர் ஸ்பிரிங்கைக் கழற்றினார்.

தவராசா